விசா வந்துவிட்டது, வெக்கைக்கு என்ன ஆயத்தம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது வளைகுடா நாடுகளுக்குப் போகக் காத்திருந்தால், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பின்நேரம் ஒரு தாயும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகன் எங்களிடம் படித்த பொடியன். சாதாரண தரம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக மேசன்மாருக்குக் கைவேலை செய்தவன். இப்போது கட்டாருக்கு விசா வந்திருக்கிறது. கம்பி கட்டும் வேலை. ஜூலை முதல் கிழமை விமானம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். கலாசாலையில் படித்த நாளில் இருந்தே யாராவது ஒரு கடிதத்தையோ படிவத்தையோ நீட்டினால் வாசித்துச் சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது. மருதனார்மடத்துக்கு வாடகைக்கு வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

வாசித்தோம். சம்பளம் இருந்தது. மேலதிக நேரம், சாப்பாடு, தங்குமிடம், லீவு, ரிக்கெற் எல்லாம் இருந்தது. பிறகு தாயிடம் என்னென்ன கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று கேட்டோம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு, பனங்கட்டி, சித்தாலேப, இரண்டு சாரம், ஒரு கம்பளிப் போர்வை என்று சொல்லிக்கொண்டே போனார். அறையில் ஏசி குளிருமாம், அதற்குத்தான் போர்வை.

"குளிருக்குப் போர்வை இருக்கு. வெக்கைக்கு என்ன ஆயத்தம் தம்பி?" என்று கேட்டோம்.

பொடியன் சிரித்தான். "சேர், செம்மண்ணிலை வெய்யிலுக்கை நிண்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். வெய்யில் எங்களை என்ன செய்யும்?"

அவன் சொன்னதில் பிழை பிடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இதே கதையை நாங்களும் சொல்லியிருக்கிறோம். எங்கள் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலிலும் தகரக் கூரையின் கீழும் வளர்ந்தவர்கள் நாங்கள். பங்குனி, சித்திரையில் அந்தத் தகரம் சூடேறினால் உள்ளே இருக்க முடியாது, வெளியே போகவும் முடியாது. அந்த வாழ்க்கையைக் கண்டவர்கள் வெயிலுக்குப் பயப்படுவோமா என்றுதான் எங்கள் பக்கத்திலும் எல்லோரும் பேசினார்கள்.

எங்கள் சாச்சாவின் மகன் ஒருவரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் சவூதிக்குப் போனார். வேலைக்கு இறங்கிய மூன்றாம் நாள் விழுந்தார். பக்கத்தில் நின்ற ஒரு நேபாளச் சகோதரர் ஓடிப்போய்த் தண்ணீர்ப் பீப்பாவை அப்படியே அவர்மேல் கவிழ்த்திருக்கிறார். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பியது. பிறகு ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. கழிப்பறை தூரத்தில் இருந்ததாம். அடிக்கடி போனால் போர்மன் ஏசுவாராம். வந்த மூன்றாம் நாளே வேலைக்கு ஆகாதவன் என்ற பெயர் எடுக்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றாராம். வீட்டில் உம்மாவின் நகை அடகில் இருந்தது.

ஆக, அவரை விழுத்தியது வெயில் மட்டும் அல்ல. கடனும் வெட்கமும் தெரியாமையும் அதோடு சேர்ந்து நின்றன. இவற்றில் தெரியாமையை ஊரில் இருக்கும்போதே தீர்க்கலாம். கடனையும் வெட்கத்தையும் வீட்டுக்காரர் நினைத்தால் பாதியாவது குறைக்கலாம். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில், எங்கள் வெயிலும் அந்த வெயிலும் ஒன்றா என்று பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் கோடையின் கடும் பகலில் வெப்பமானி 33, 34, 35 பாகை செல்சியஸ் காட்டும். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நேரே தலைக்கு மேலே நிற்கும்போது நாம் படும் பாடு அவ்வளவுதான். வளைகுடாவில் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் 42, 43 என்பது சாதாரண நாள். குவைத்தில் 46, 47 கூட யாரும் வியந்து பேசாத நாள். 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. உலக வானிலை அமைப்பு அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பத்துப் பாகைதானே கூட என்று நினைக்க வேண்டாம். எங்கள் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை, வீசும் காற்று உடம்பின் சூட்டைக் கொண்டுபோகும். அதனால்தான் சோளகக் காற்று வீசினால் இங்கே ஆறுதல். காற்று 35 ஐத் தாண்டிவிட்டால் கதை மாறிவிடும். வீசும் காற்றே உடம்புக்குள் சூட்டை ஏற்றும். அதன்பிறகு உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. அந்த வியர்வை தோலில் இருந்து ஆவியாகிப் போனால்தான் குளிர்ச்சி.

அங்கேயும் இரண்டு விதம் உண்டு. றியாத் போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று வறண்டது. வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்க மாட்டோம். ஆனால் உடம்பில் இருந்து லீற்றர் கணக்கில் நீர் போயிருக்கும். டோஹா, டுபாய் போன்ற கடற்கரை நகரங்களில், குறிப்பாக ஓகஸ்ட், செப்டம்பரில், காற்றில் ஈரம் கூட. வியர்வை ஊற்றும், ஆனால் ஆவியாகாது. சட்டை தெப்பமாக நனைந்தும் உடம்பு ஆறாது. இரவிலும் 30 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

இனி உடம்பைப் பற்றி. வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்று விஞ்ஞான பாடத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். பிள்ளைகள் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் உடம்பு வெக்கையைப் பழகிக்கொள்ளும், அதற்கு நாட்கள் எடுக்கும் என்பதை நாங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இது எங்கள் பக்கத்துப் பிழை.

கடும் வெக்கையில் தினமும் கொஞ்ச நேரம் வேலை செய்து வந்தால், ஏழு தொடக்கம் பதினான்கு நாட்களுக்குள் உடம்பில் மாற்றங்கள் நடக்கின்றன. வியர்வை முன்னரே வரத் தொடங்கும், கூடுதலாக வரும், அதில் போகும் உப்பின் அளவு குறையும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். அதே வேலைக்கு இருதயம் துடிக்கும் வேகம் குறையும். இந்தப் பழக்கம் வராமல் முதல் நாளே முழு வேலையும் செய்கிறவர்தான் கூடுதலாக விழுகிறார். வெளியில் வேலை செய்து வெப்பத்தால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இறந்தார்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிருவாகம் சொல்கிறது. புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழமையான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்காகக் கூட்டவேண்டும் என்பது அந்த நாட்டின் தொழில்சார் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. பழகிய உடம்பு மறந்தும் போகும். ஒரு கிழமை விலகி இருந்தாலே பழக்கம் குறையத் தொடங்கும். இரண்டு மாத லீவில் வந்து திரும்பிப் போகும் பழைய ஆட்களும் முதல் சில நாட்கள் கவனமாக இருக்கவேண்டும். "பத்து வருஷம் அங்கை இருந்தனான்" என்ற கணக்கு உடம்புக்குத் தெரியாது.

"வெய்யிலுக்கை நிண்டு வளர்ந்த ஆக்கள்" என்று பொடியன் சொன்னானே, அதற்கு வருவோம். காலையில் எங்கள் மருதனார்மடச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். விடிய முன்னரே கத்தரிக்காயும் பயற்றங்காயும் வெங்காயமும் வந்து இறங்கிவிடும். கொண்டுவரும் கமக்காரர் தோட்டத்தில் எத்தனை மணிக்கு இறங்குகிறார்? இருட்டோடு. எத்தனை மணிக்கு ஏறுகிறார்? பத்து, பதினொரு மணிக்கு. பிறகு மோர் குடித்து, சாப்பிட்டு, திண்ணையிலோ மாமர நிழலிலோ ஒரு கண் அயர்ந்து, வெயில் சாய்ந்த பிறகுதான் திரும்பவும் மண்வெட்டி எடுப்பார். தலையில் துவாய். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்.

எங்கள் ஆட்கள் வெயிலில் நின்று வளர்ந்தார்கள் என்பதைவிட, வெயிலுக்கு வழிவிட்டு வளர்ந்தார்கள் என்பதுதான் உண்மை. எப்போது நிறுத்துவது என்பது கமக்காரரின் சொந்த முடிவு. அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கட்டாரில் கம்பி கட்டப் போகும் மகனுக்கு அந்த முடிவு கையில் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

முழுவதும் கையில் இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டங்கள் இருக்கின்றன. போகிறவர் அவற்றை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

கட்டாரில் ஜூன் 1 தொடக்கம் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியில் இருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை. 2021 இல் வந்த விதி இது. வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணிக்கும் ஓர் அளவு உண்டு. அது 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமாக இருந்தாலும் வேலையை நிறுத்தவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சவூதியில் ஜூன் 15 தொடக்கம் செப்டம்பர் 15 வரை, பகல் 12 இல் இருந்து 3 வரை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அதே திகதிகள், 12.30 இல் இருந்து 3 வரை. குவைத்தில் ஜூன் 1 தொடக்கம் ஓகஸ்ட் 31 வரை, காலை 11 இல் இருந்து மாலை 4 வரை. ஓமானில் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை, 12.30 இல் இருந்து 3.30 வரை.

சட்டம் இருந்தால் காணுமா? காணாது. 2009 தொடக்கம் 2017 வரை கட்டாரில் இறந்த 1,300 க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளரின் மரணங்களை ஆராய்ந்து 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெக்கை கூடிய மாதங்களில் இருதய மரணங்களும் கூடியதை அது காட்டியது. சான்றிதழில் மாரடைப்பு என்றோ இயற்கை மரணம் என்றோ எழுதிவிட்டால் வெக்கையின் பெயர் எங்கும் வராது. அரபு நாடுகளில் தொழிலாளரில் 83.6 சதவீதமானோர் அளவுக்கு மீறிய வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேச தொழில் அமைப்பு 2024 இல் சொன்னது. அதில் எங்கள் பிள்ளைகளும் அடக்கம். 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையில் இருந்து வேலைக்காக வெளிநாடு போனார்கள்.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். நண்பகல் தடை என்பது திறந்த வெளி வேலைக்கு. வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் தாய்மாரும் சகோதரிகளும் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதை அது தொடாது. வீட்டுக்குள் ஏசி இருக்கும், சமையலறைக்கு இருக்காது. மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட நண்பகலில் ஏறவேண்டி வரும். கழிப்பறை போகக் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் மத்தியில் இன்னும் அதிகம். போகமுதல் ஒரு சகோதரியாவது இதை அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? அன்று அந்தத் தாய்க்கும் மகனுக்கும் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கே அப்படியே தருகிறோம்.

1. போகமுதல் மூன்று கிழமை இருந்தால், முதலில் ஒரு வைத்தியரிடம் போங்கள். பிரஷர், சீனி, சிறுநீரகம் மூன்றையும் பாருங்கள். ஏதாவது குளிசை எடுப்பவர், வெக்கையில் வேலை செய்யப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். சில பிரஷர் குளிசைகள் உடம்பில் இருந்து நீரை வெளியேற்றும்.

2. கடைசி இரண்டு கிழமையும் வீட்டுக்குள் படுத்துக் கிடக்கவேண்டாம். நண்பர்களோடு கொழும்பில் ஏசி அறையில் நாளைப் போக்கவும் வேண்டாம். தினமும் வெக்கையான நேரத்தில் வேலையோ வேகமான நடையோ செய்யுங்கள். முதல் நாள் 20 நிமிடம். மெல்ல மெல்லக் கூட்டி ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர் கையில் இருக்கட்டும், தனியே போகவேண்டாம். தலை சுற்றினால், குமட்டினால் உடனே நிறுத்துங்கள். இது முழுப் பழக்கம் ஆகாது, ஏனென்றால் எங்கள் வெயில் அந்த வெயில் அல்ல. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் போகிறவரைவிட உங்கள் உடம்பு முன்னால் நிற்கும்.

3. தாகம் எடுக்கும்வரை பார்த்திருக்காமல் குடிக்கப் பழகுங்கள். கடும் வெக்கையில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை. ஒரேயடியாக ஒரு போத்தலைக் கவிழ்க்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் 1.4 லீற்றருக்கு மேல் குடிப்பதும் கூடாது, இரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும். சிறுநீரைப் பாருங்கள். தேசிக்காய்த் தண்ணீர் நிறம் என்றால் நல்லது. பிளேன்ரீ நிறம் என்றால் நீர் காணாது.

4. உப்புக் குளிசை வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட்டால் அதில் உப்பு இருக்கிறது. பத்து ஜீவனிப் பைக்கற் சூட்கேசில் வையுங்கள். மிகக் கூடுதலாக வியர்த்த நாளில் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். எனர்ஜி டிரிங்க் என்று விற்பதைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கவேண்டாம்.

5. இறுக்கமான ரீசேர்ட், கறுப்பு ஜீன்ஸ் இரண்டையும் குறைத்து, தொளதொளப்பான வெளிர் நிறப் பருத்திச் சட்டை நீளக் கையோடு நாலு வையுங்கள். தலைக்கும் கழுத்துக்கும் போட இரண்டு பருத்தித் துணி வையுங்கள்.

6. நாலு சொல் பாடமாக்குங்கள். எங்கள் பிள்ளைகள் சிறு வயதில் இருந்து குர்ஆன் ஓதுகிறார்கள். ஆனால் தலை சுற்றுகிறது என்று அரபியில் சொல்லத் தெரியாது. "இந்தீ தோஹா" என்றால் தலை சுற்றுகிறது. "அனா தஅபான்" என்றால் எனக்கு இயலாமல் இருக்கிறது. "மோயா" என்றால் தண்ணீர். போர்மன் பல இடங்களில் இந்தியோ உருதுவோ பேசுபவராக இருப்பார். அவருக்கு "பானி", "சக்கர் ஆ ரஹா ஹை".

7. அறையில் ஒருவரோடு சோடி சேருங்கள். வெப்பத் தாக்கு வந்தவருக்குத் தனக்கு வந்திருப்பது தெரியாது, ஏனென்றால் முதலில் குழம்புவது மூளை. கதை தடுமாறுதல், நடை தள்ளாடுதல், காரணம் இல்லாத கோபம், ஆளை மட்டுப்பிடிக்க முடியாமை, வலிப்பு, மயக்கம் எல்லாம் ஆபத்து. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைக்கவேண்டாம், வியர்த்துக்கொண்டே விழுபவர்களும் உண்டு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலுடுப்பைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை குளிராக்குவதை நிறுத்தவேண்டாம். அன்று சாச்சாவின் மகனைக் காப்பாற்றியது அந்தப் பீப்பாத் தண்ணீர்தான்.

8. இலக்கங்களைப் போனில் இப்போதே பதியுங்கள். அவசரத்துக்குக் கட்டார் 999, குவைத் 112. அம்புலன்ஸுக்குச் சவூதி 997, அமீரகம் 998. இங்கே வீட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஐ வைத்திருங்கள்.

இதைச் சொல்லும்போது எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வெக்கை கடுமையான நாளில் லுஹர் தொழுகையைக் கூடச் சற்றுக் குளிர்ச்சியாகும் நேரம்வரை பிற்படுத்தலாம் என்பது நபிகளார் காட்டித் தந்த வழி. தொழுகைக்கே அந்தச் சலுகை இருக்கும்போது, கம்பி கட்டுவதற்கு இல்லையா? 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. 1,301 பேர் இறந்தார்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் முறையான அனுமதி இல்லாமல் போனவர்கள். நிழலும் வாகனமும் குளிரூட்டிய கூடாரமும் இல்லாமல் தூரம் நடந்தவர்கள். இதை எழுதுவது அவர்களைக் குறை சொல்ல அல்ல. பதிவு இல்லாமல் போகிறவருக்கு அங்கே நிழல்கூடக் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லத்தான். விசிற் விசாவில் போய் வேலை தேடலாம் என்று ஆசை காட்டும் முகவர்களை நம்பும் பிள்ளைகள் இதை யோசிக்கவேண்டும். பணியகத்தில் பதியாமல் போகவேண்டாம்.

சிலர் கேட்பார்கள். வெக்கையில் வேலை வாங்குகிறவன்தானே பொறுப்பு, நீங்கள் ஏன் போகிற ஏழையின் தலையில் பாடம் ஏற்றுகிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. நிழலும் குளிர்ந்த நீரும் ஓய்வும் கிட்டத்தில் கழிப்பறையும் கொடுப்பது முதலாளியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது எங்கள் அரசின் கடமை. ஒரு பொடியன் பத்து ஜீவனிப் பைக்கற் கொண்டுபோனான் என்பதற்காக அந்தக் கடமை யாருக்கும் குறையாது. ஆனால் தன் உரிமை இன்னது என்று தெரியாதவன் அதைக் கேட்கவும் மாட்டான். பத்து மணிக்குப் பிறகு வேலை வாங்கக்கூடாது என்று தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து நின்றால் போர்மனும் யோசிப்பார்.

வேறு சிலர், போகிற பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்பார்கள். கடலுக்குப் போகும் மகனுக்கு நீந்தப் பழக்குவதைப் பயமுறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, பணியகத்தின் புறப்பாட்டுக்கு முந்திய பயிற்சியில் வெக்கைக்கென்று முழுதாக ஒரு நாள் வேண்டும். தமிழில், சிங்களத்தில், அந்தந்த நாட்டின் விதிகளை அச்சிட்ட ஒரு தாளோடு. போகிறவர் அதை மடித்துப் பையில் வைத்திருக்கவேண்டும்.

இரண்டு, பாடசாலையில். 2024 இன் தொடக்கத்தில் வெப்பம் கூடியபோது பிள்ளைகளை வெயிலில் விளையாட விடுவதைக் கட்டுப்படுத்தும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. நல்ல காரியம். பதினாறு வயதில் மைதான வெயிலில் இருந்து காப்பாற்றும் பிள்ளையை, இருபது வயதில் 45 பாகைக்குள் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புகிறோம். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் பத்தாம், பதினோராம் வகுப்பில் இருக்கிறது. அதற்குள் இரண்டு பாடவேளை போதும். புத்தகத்தில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வகுப்புகளில் இந்தத் தவணை தொடங்கிவிட்டோம். மற்ற ஆசிரியர்களும் தொடங்கலாம்.

மூன்றாவது, வீடுகளுக்கு. இதுதான் எங்களுக்கு முக்கியம். பிள்ளை போய் இறங்கிய அன்றே "எப்ப காசு போடுவாய்?" என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு கிழமையும் போன் எடுத்தால் தண்ணீர் குடித்தாயா, நித்திரை கொண்டாயா, சிறுநீர் என்ன நிறம் என்று கேளுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். பரவாயில்லை. அடகுக் கடையிலும் வட்டிக்காரரிடமும் பேசி முதல் தவணையை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிப் போடப் பாருங்கள். நிறுத்தி ஓய்வெடுக்க போர்மன் விடாவிட்டாலும், வீடு விட்டிருக்கிறது என்ற நினைப்பு அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம். சாச்சாவின் மகனிடம் அன்று யாராவது அதைச் சொல்லியிருந்தால், அவர் வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை, தாளை மடித்துக் கொடுத்தபோது பொடியன் இன்னும் பாதி சிரிப்போடுதான் இருந்தான். தாய் சிரிக்கவில்லை. படலை வரைக்கும் போனவர் நின்று திரும்பி மகனைப் பார்த்துச் சொன்னார்: "முதல் மாசம் காசு அனுப்பாட்டிலும் பரவாயில்லை, நான் பாத்துக்கொள்ளுறன். தலை சுத்தினா இருந்திடு."

நேற்றுப் பின்நேரம் சந்தைப் பக்கம் போனபோது அவனைக் கண்டோம். கையில் தண்ணீர்ப் போத்தல், தலையில் துவாய், கூட ஒரு சினேகிதன். இணுவில் பக்கமிருந்து நடந்து வருகிறார்களாம். "இண்டைக்கு நாப்பது நிமிசம் சேர்" என்றான்.

போகிற எல்லாப் பிள்ளைகளும் சுகமாகப் போய், சுகமாகத் திரும்பி வர இறைவன் அருள்புரியட்டும்.

இந்தப் பதிவை எங்கள் பெயர் இல்லாமல் பிரதி எடுத்துப் பகிர்ந்தாலும் எங்களுக்குச் சந்தோசமே. வளைகுடாவில் வேலை செய்யும் உறவுகள், நாங்கள் விட்ட விசயம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஜூலையில் போகிற பொடியன்களுக்கு அது உதவும்.